தென்னையின் கொண்டைக்குத் தண்ணீர் ஏறுவது எப்படி?

மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். எண்பது அடித் தென்னையின் கொண்டைக்கு மோட்டார் இல்லாமல் தண்ணீர் எப்படிப் போகிறது? அடியில் வைக்கிற உரமும் அதே வழியில்தான் ஏறுகிறதா? இளநீர் என்பது வேர் உறிஞ்சிய தண்ணீர்தானா? மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மரத்துக்குள் இரண்டு தனித்தனிக் குழாய் அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றில் தண்ணீர் மேலிருந்து இழுக்கப்படுகிறது. இன்னொன்றில் சர்க்கரைச் சாறு அழுத்தத்தால் தள்ளப்படுகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் தோட்டத்தில் தினமும் பார்க்கிற பல விஷயங்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

முதலில் தண்ணீர். இது போகிற குழாய்க்குச் சைலம் என்று பெயர். சைலக் குழாய்கள் செத்த செல்களால் ஆனவை. செல் வளர்ந்து, சுவரில் லிக்னின் என்ற கடினமான பொருள் படிந்து கெட்டியானதும், உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து செல் இறந்துவிடும். மிஞ்சுவது வெறும் கூடு. அந்தக் கூடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவிலுள்ள தடுப்பும் கரைந்துபோனால் நீளமான குழாய் கிடைக்கிறது. குழாயின் விட்டம் மரத்துக்கு மரம் மாறும், 0.02 மில்லிமீட்டரிலிருந்து 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்.

குழாய் இவ்வளவு மெல்லியது என்றதும் "நுண்குழாய் ஏற்றம்" என்று பலர் பதில் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 0.04 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் தண்ணீர் தானாக ஏறுவது சுமார் 75 சென்டிமீட்டர்தான். கத்தரிச் செடிக்கு அது போதும், தென்னைக்குப் போதாது.

அடுத்து வேர் அழுத்தம். வேர் தாது உப்புகளை உள்ளே சேர்த்துக்கொள்வதால் தண்ணீர் சவ்வூடு பரவல் மூலம், அதாவது உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குச் சவ்வைத் தாண்டி, உள்ளே வந்து, மேல்நோக்கி ஒரு தள்ளலை உண்டாக்குகிறது. இது உண்மையாகவே இருக்கிறது. விடியற்காலையில் நெல் இலையின் நுனியில் ஒரு சொட்டு நிற்குமே, பலர் அதைப் பனித்துளி என்று நினைக்கிறார்கள். பனி இலை முழுவதும் படியும். நுனியில் மட்டும் வரிசையாக நிற்பது பெரும்பாலும் வேர் தள்ளி வெளியே வந்த தண்ணீர். ஆனால் இந்த அழுத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு பார் அளவுதான் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). மேலும் அது இரவில்தான் தெரியும். உச்சி வெயிலில், மரத்துக்குத் தண்ணீர் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், அது இருப்பதே இல்லை.

பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஜெகதீஷ் சந்திர போஸின் துடிப்புக் கோட்பாடு நினைவிருக்கும். தண்டுக்குள் இருக்கும் உயிருள்ள செல்கள் சுருங்கி விரிந்து தண்ணீரை ஏற்றுகின்றன என்று அவர் 1923இல் சொன்னார். போஸ்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. செடிகளின் மின்சாரச் சைகைகள் பற்றிய அவருடைய வேலை காலத்தை முந்தியது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சான்று அவர் பக்கம் இல்லை. அவருக்கு முப்பது வருடம் முன்பே ஜெர்மனியில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் உயரமான மரங்களை அடியில் வெட்டி, பிக்ரிக் அமிலம் போன்ற விஷக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். விஷம் ஏறி, வழியில் இருந்த உயிருள்ள செல்களைக் கொன்றது. அதன் பிறகும் திரவம் தொடர்ந்து ஏறியது. இலைகள் சாகும்வரை அது நிற்கவில்லை. ஆக, தண்டில் உயிருள்ள பம்பு எதுவும் வேலை செய்யவில்லை. வேலை நடப்பது இலையில்.

இதற்குச் சரியான விளக்கத்தை 1894இல் டப்ளினில் இருந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்தார்கள். கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்பதற்காக இலை தன் துளைகளைத் திறக்கிறது. திறந்த துளை வழியாக, உள்ளே ஈரமாக இருக்கும் செல் சுவர்களிலிருந்து தண்ணீர் ஆவியாகிறது. அந்தச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் சில நானோமீட்டர் அகலமே உள்ளவை. ஆவியாக ஆக, இடுக்கில் தண்ணீரின் மேற்பரப்பு உட்பக்கமாக வளைகிறது. வளைந்த பரப்பு பின்னால் உள்ள தண்ணீரை இழுக்கிறது. 10 நானோமீட்டர் ஆரமுள்ள இடுக்கால் 140 பார் அளவுக்குக்கூட இழுக்க முடியும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருப்பதால், இலையில் விழுந்த இழுப்பு ஒரு கயிற்றில் போவதுபோல வேர்வரை போய்ச் சேர்கிறது. வேர் தண்ணீரை மேலே அனுப்புவதில்லை. இலை இழுக்கிறது, வேர் வழிவிடுகிறது. செலவாகும் ஆற்றல் சூரியனுடையது. இந்த ஏற்றத்துக்காக மரம் தன் சர்க்கரையைச் செலவழிப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் 25 அடிக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் உறிஞ்சத் திணறும். கணக்குப்படி எந்தப் பம்பும் 10.3 மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது. அப்படியிருக்க 25 மீட்டர் தென்னை எப்படி இழுக்கிறது? பம்பு உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை எடுத்துவிடுகிறது, வெளியிலிருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தத்தின் பலம் தீர்ந்ததும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, தொடர் அறுந்துவிடுகிறது. மரத்தில் காற்றழுத்தத்துக்கு வேலையே இல்லை. குமிழி ஒன்றுகூட இல்லாத, ஈரச் சுவர்களுக்குள் அடைபட்ட தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழான அழுத்தத்தையும் தாங்கும். கலிஃபோர்னியாவில் 115 மீட்டருக்கும் மேல் வளர்ந்த ரெட்வுட் மரங்கள் இருக்கின்றன. அவற்றின் உச்சியில் 2004இல் செய்த அளவீடுகளை வைத்து, இந்த வழியில் மரம் வளரக்கூடிய எல்லை 122 முதல் 130 மீட்டர் என்று கணித்தார்கள்.

இழுவிசையை நேரடியாக அளக்கவும் முடியும். 1965இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஒரு எளிய கருவியைப் பயன்படுத்தினார்கள். கிளையை வெட்டியதும், இழுவிசையில் இருந்த சாறு வெட்டுவாயிலிருந்து உள்ளே ஓடிவிடும். கிளையை ஒரு அழுத்தக் கலனுக்குள் வைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியும்படி மூடி, சாறு மறுபடி வாயருகே வரும்வரை வாயுவை ஏற்றினால், எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறதோ அதுதான் உள்ளே இருந்த இழுவிசை. கடல்நீரில் நிற்கும் அலையாத்தி மரங்களில் அது 30 பாரைத் தாண்டியது. கடல்நீரின் சவ்வூடு அழுத்தமே சுமார் 25 பார் என்பதால், அதற்கும் மேலே இழுத்தால்தான் அந்த மரத்தால் உப்புநீரிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரிக்க முடியும். பிச்சாவரத்தில் படகில் போகும்போது நீங்கள் பார்ப்பது இந்த வேலையைப் பகல் முழுக்கச் செய்துகொண்டிருக்கும் காட்டைத்தான்.

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம் என்று நான் நினைக்கும் ஒரு சான்று நம் தென்னந்தோப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக் என்ற சத்துக் கரைசலை வேரில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்திலிருந்து சற்றுத் தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள ஒரு வேரைத் தேடி எடுக்கிறார்கள். நுனியைக் கூரான கத்தியால் சாய்வாகச் சீவுகிறார்கள். 40 மில்லி டானிக்கை 160 மில்லி தண்ணீரில் கலந்து பாலித்தீன் பையில் ஊற்றி, வெட்டிய நுனி அடிவரை முங்கும்படி வைத்துக் கட்டுகிறார்கள். வெயில் நன்றாக இருந்தால் பை காலியாகிவிடும். யாரும் அழுத்தவில்லை, பை தரையில் கிடக்கிறது. கொண்டையில் இருக்கும் ஓலைகள் 200 மில்லியையும் இழுத்துக் குடித்துவிடுகின்றன. பை அப்படியே இருந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்தது காய்ந்த வேர், அல்லது சீவிய பிறகு தாமதித்ததால் வெட்டுவாயில் காற்று ஏறிவிட்டது. வேறு வேரைப் பாருங்கள். பூக்கடையில் வாங்கிய ரோஜாவின் காம்பை வீட்டுக்கு வந்ததும் தண்ணீருக்குள் வைத்தே மறுபடி ஒரு அங்குலம் நறுக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். காற்று ஏறிய பகுதி போய்விடும்.

காற்றுக் குமிழி சைலத்துக்குப் பெரிய எதிரி. வறட்சியில் இழுவிசை எல்லை மீறும்போது தண்ணீர்த் தொடர் பட்டென்று அறுகிறது, அந்தக் குழாய் வெற்றாகிவிடுகிறது. பக்கத்துக் குழாய்க்குக் குமிழி பரவாமல் சுவரிலுள்ள குழிச் சவ்வுகள் தடுக்கின்றன, தண்ணீர் சுற்றிப் போகிறது. 2023இல் "செடிகள் வலியில் கத்துகின்றன" என்று ஒரு செய்தி பரவியது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் தண்ணீர் இல்லாத தக்காளி, புகையிலைச் செடிகளிலிருந்து மனிதக் காதுக்கு எட்டாத கிளிக் ஒலிகளைப் பதிவுசெய்திருந்தார்கள். அது கத்தல் அல்ல. பெரும்பாலும் குழாய்க்குள் குமிழி வெடிக்கும் ஓசை. அந்த ஆய்வு அருமையானது, தலைப்பு போட்டவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள்.

சரி, உரத்துக்கு வருவோம். தண்ணீர் போவதால் சத்தும் தானாகப் போய்விடும் என்று நினைப்பது பாதிதான் சரி. ஏறுவது தண்ணீரோடுதான், ஆனால் உள்ளே நுழைய அனுமதி வேண்டும். வேர்த்தூவியில் நுழைந்த தண்ணீர் செல்களுக்கு இடைப்பட்ட சுவர்கள் வழியாகக் கொஞ்ச தூரம் தடையில்லாமல் வரலாம். வேரின் அகத்தோலை எட்டியதும் காஸ்பாரியன் பட்டை குறுக்கே நிற்கிறது. தண்ணீர் புகாத இந்தத் தடுப்பு சுவர் வழியை அடைத்துவிடுவதால், ஒவ்வொரு உப்பும் ஏதாவது ஒரு செல்லின் சவ்வைத் தாண்டித்தான் சைலத்துக்குள் போயாக வேண்டும். நைட்ரேட்டுக்கு ஒரு வாசல், பொட்டாசியத்துக்கு வேறு வாசல். பலவற்றை அடர்த்தி குறைந்த மண்ணிலிருந்து அடர்த்தி கூடிய செல்லுக்குள் இழுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு ஆற்றல் செலவாகும். அந்த ஆற்றலுக்கு வேர் சுவாசிக்க வேண்டும்.

அதனால்தான் நாலு நாள் தண்ணீர் தேங்கிய வயலில் செடி தண்ணீரில் நின்றுகொண்டே வாடுகிறது, மஞ்சளாகிறது. ஆக்சிஜன் இல்லாத வேரில் சத்தை ஏற்றும் வாசல்கள் நின்றுபோகின்றன. தண்ணீர் போகும் அக்வாபோரின் என்ற புரதத் துளைகளும் மூடிக்கொள்கின்றன. இதைப் பார்த்து உரம் போதவில்லை என்று மேலும் யூரியா போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். முதலில் வடிகால் வெட்டி வேருக்குக் காற்று விடுங்கள். அளவுக்கு மீறிய உரம் மண்ணீரின் அடர்த்தியைக் கூட்டி, வேர் தண்ணீர் எடுப்பதை இன்னும் கடினமாக்கும். "உரம் சுட்டுவிட்டது" என்று சொல்வது இதைத்தான்.

மணிச்சத்தின் கதை வேறு. பாஸ்பேட் மண்ணில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், தண்ணீரோடு நகர்ந்து வராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேரைச் சுற்றியுள்ளது தீர்ந்துவிட்டால், வேரோடு கூட்டாக வாழும் வேர்ப்பூஞ்சைகளின் இழைகள் தள்ளியிருக்கும் இடத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கின்றன.

உள்ளே வந்த சத்து சைலத்தில் ஏறி எங்கே போகும்? தண்ணீர் அதிகம் ஆவியாகும் இடத்துக்கு, அதாவது விரிந்த இலைக்கு. அங்கே போன பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகளும் மக்னீசியமும் இரண்டாவது குழாயில் ஏறி, தேவைப்படும் இடத்துக்கு மறுபடி போக முடியும். கால்சியத்துக்கு அந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. போன இடத்திலேயே தங்கிவிடும். குறைபாட்டை எங்கே தேட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. தென்னையில் பொட்டாசியம் குறைந்தால் அடி ஓலைகள் முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் மரம் அங்கிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடுகிறது. போரான் குறைந்தால் அடி ஓலைகள் நன்றாகவே இருக்கும், குருத்தோலை ஒட்டிக்கொண்டு விரியாமல் கோணலாக வரும்.

மாடித்தோட்டத்தில் தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கிப் போவதும் இதே வகை. அது நோய் இல்லை, காய்க்குக் கால்சியம் போய்ச்சேரவில்லை. தொட்டி மண்ணில் கால்சியம் இருக்கலாம். ஆனால் அது சைலத்தில் மட்டும்தான் வரும், சைலத் தண்ணீரை இலைகள் இழுத்துக்கொள்கின்றன, காயிலிருந்து ஆவியாவதோ மிகக் கொஞ்சம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் இந்தச் சிக்கல் கூடும். முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுவதைவிட, தினமும் ஒரே அளவில் தண்ணீர் விடுவது அதிகம் உதவும்.

இனி இரண்டாவது குழாய், ஃபுளோயம். இது உயிருள்ள செல்களால் ஆனது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சல்லடை போல் துளையிட்ட தகடு இருக்கும். இலை தயாரித்த சர்க்கரையைத் துணைச் செல்கள் இதற்குள் ஏற்றுகின்றன. சர்க்கரை கூடியதும் பக்கத்திலுள்ள சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே பாய்ந்து, அந்த முனையில் அழுத்தம் 10 பார் அளவுக்கு உயர்கிறது. காய், கிழங்கு, வேர்நுனி போன்ற இடங்களில் சர்க்கரை எடுக்கப்படுவதால் அங்கே அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசத்தால் சாறு மணிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1930இல் எர்ன்ஸ்ட் முன்ச் என்ற ஜெர்மன் ஆய்வாளர் விரிவாகச் சொன்ன விளக்கம் இது. ஏழரை மீட்டர் நீளம் வளர்த்த கொடிகளில் 2016இல் அழுத்தத்தை அளந்து பார்த்தபோதும் இதற்கு ஆதரவாகவே விடை வந்தது.

சைலத்தை வெட்டினால் காற்று உள்ளே போகும். ஃபுளோயத்தை வெட்டினால் சாறு வெளியே வரும். பதநீர் அந்தச் சாறுதான். பனையேறி பாளையைக் கடிப்பு வைத்து இடுக்கி நசுக்கிப் பதப்படுத்துகிறார், பிறகு நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். பாளை என்பது பூத்துக் காய்க்க வேண்டிய இடம் என்பதால், மரம் தன் சர்க்கரையை அங்கேதான் தள்ளிக்கொண்டிருக்கிறது. வெட்டுப்பட்ட சல்லடைத் தகடுகளைத் தாவரம் சீக்கிரமே புரதத்தாலும் காலோஸ் என்ற பொருளாலும் அடைத்துவிடும். அதனால் தினமும் மெல்லிய ஒரு பில்லை சீவ வேண்டியிருக்கிறது. ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் சொட்டு நின்றுவிடும். அந்தக் கையளவு படித்து வருவதில்லை, மரத்தின்மேல் நின்று பழகி வருவது. கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு, சர்க்கரைச் சாறு புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது.

மா, கொய்யா, மாதுளை போன்ற மரங்களில் ஃபுளோயம் பட்டையை ஒட்டியே இருக்கிறது. விண்பதியம் போடும்போது கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்கிறோம். உள்ளே கட்டையிலுள்ள சைலம் முழுதாக இருப்பதால் கிளை வாடாது. இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையும் ஆக்சின் என்ற ஹார்மோனும் வளையத்தைத் தாண்ட முடியாமல் மேல்விளிம்பில் தேங்கி, அங்கே வேர் பிடிக்கும். அதே வளையத்தை அடிமரத்தில் ஆடோ மாடோ கடித்து உண்டாக்கினால், வேர் பட்டினி கிடந்து மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

தென்னையிலும் பனையிலும் அப்படி நடக்காது. அவற்றுக்குத் தனிப் பட்டை இல்லை. இரண்டு வகைக் குழாய்களும் சேர்ந்த நார்க்கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வருடாவருடம் புதுக் குழாய் போடும் கேம்பியமும் இல்லை. நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அறுபது வயதுத் தென்னையின் அடிமரத்தில் இன்று சாறு ஓடுகிற சல்லடைக் குழாய், அந்த மரம் கன்றாக இருந்தபோது உருவான அதே உயிருள்ள குழாய். மாற்றுக் குழாய் கிடையாது. தண்டில் ஆணி அடிப்பதும், ஏறுவதற்குப் படி வெட்டுவதும் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அந்தக் காயம் கடைசிவரை ஆறாது.

கடைசியாக இளநீர். வேர் உறிஞ்சிய தண்ணீர் நேராகக் காய்க்குள் போய் நிறைவதில்லை. வெளியிலிருந்து பார்க்க அப்படித் தோன்றினாலும், காயின் தோலில் ஆவியாதல் குறைவு என்பதால் சைலம் அங்கே அதிகம் இழுக்காது. காய்க்கு வருவது பெரும்பாலும் ஓலைகளைச் சுற்றிவந்த ஃபுளோயச் சாறு. இளநீரின் கலவையே அதைச் சொல்கிறது: சர்க்கரை இருக்கிறது, பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் அதில் சிறு பங்குதான். ஃபுளோயத்தில் எளிதாகப் போவது நிறைய, போகாதது கொஞ்சம். ஒவ்வொரு குலையோடும் தோப்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. தென்னைக்கு யூரியாவைவிடப் பொட்டாஷை அதிகம் பரிந்துரைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோடையில் ஓலைகள் துளைகளை மூடிக்கொண்டால் தண்ணீர் இழுப்பு குறையும், சர்க்கரை தயாரிப்பும் குறையும், குரும்பை கொட்டும். ஆனால் பாதிப்பு அதோடு முடியாது. தென்னையில் ஒரு பாளை கொண்டைக்குள் கருவாகத் தோன்றி, வெளியே வந்து, காய் முற்றுவதற்குச் சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. இந்த வருட வறட்சியில் பட்டினி கிடந்த பாளைகளின் காய்ப்பு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். அந்தச் சமயத்தில் தண்ணீரும் உரமும் சரியாக இருந்தும் காய் குறைகிறதே என்று மரத்தை வெட்ட முடிவெடுக்காதீர்கள். முந்தைய கோடைகளில் எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்ற கணக்கை முதலில் எடுத்துப் பாருங்கள்.